பழைய வாட்ச் மக்கர் செய்தால்: ரங்கூன் மழையில் கற்ற வழிமுறை

ரங்கூனில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா ஏப்ரல் நடுவில் முடிந்த மறுவாரமே எங்கள் வீட்டுக்கு வாட்ச்சுகள் வர ஆரம்பிக்கும். அந்த வரிசை குறைவதற்குள் மே மாதம் மழை பிடித்துவிடும், பிறகு அக்டோபர் வரை விடாது. சித்தப்பாவின் ஒமேகா, பக்கத்துத் தெருத் தாத்தாவின் ரோலெக்ஸ், யாரோ ஏலத்தில் எடுத்த குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் சேர்ந்த வாட்ச்) என்று எது வந்தாலும் கோளாறு என்னவோ அதே ஏழெட்டுதான். நான் ரிப்பேர் தொழில் செய்பவன் இல்லை. இருபது வருடமாகச் சேர்க்கிறேன், அவ்வளவுதான். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நம் ஊரில் 1964, 1985, 1987 என்று மூன்று முறை கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. நோட்டை நம்ப முடியாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தங்கத்தோடு நல்ல சுவிஸ் வாட்ச்சும் வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். அவற்றில் சில இன்று கிடைப்பதற்கே அரிதானவை. அதனால் கீழே உள்ள எதைச் செய்யும்போதும் ஒன்றை மறக்காதீர்கள்: நின்றுபோன வாட்ச்சை ஓட வைத்துவிடலாம், கெட்டுப்போன டயலைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கையில் இருக்க வேண்டியவை: பத்து மடங்கு லென்ஸ், சின்னத் திசைகாட்டி, சிலிக்கா ஜெல், ஒரு நோட்டுப் புத்தகம். பின்மூடி திறக்கும் கத்தி வேண்டாம். அது வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது.

அறிகுறி: கண்ணாடிக்குள் ஆவி படிகிறது

மழைக்காலத்தில் வருகிற பத்தில் ஆறு இதுதான். ஏசி அறைக்குள் போனதும் கண்ணாடியின் உட்பக்கம் மங்கும், வெளியே வந்ததும் மறையும். மறைந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். ஈரம் எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் இப்படிப் பாருங்கள். வாட்ச்சை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடேற்றுங்கள். கண்ணாடியின் மேல் நடுவில் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். துடைத்த இடத்துக்கு நேர் கீழே உட்பக்கம் மங்கலாக வட்டம் தெரிந்தால் உள்ளே ஈரம் உண்டு. கண்ணாடியில் விரிசல் இருந்தாலோ, சாவி கொடுக்கும் குமிழ் ஆடினாலோ இந்தச் சோதனையே வேண்டாம், ஈரம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

காரணங்களில் எளிதானது சாவிக் குமிழ். திருகி மூடும் குமிழ் உள்ள வாட்ச்சில், நேரம் திருத்திவிட்டு முழுதாகத் திருகாமல் விட்டிருப்பார்கள். அடுத்தது பின்மூடியின் ரப்பர் வளையம். நாற்பது ஐம்பது வருட ரப்பர் இறுகி உடையும், இல்லாவிட்டால் தார் மாதிரிக் கறுப்பாக இளகி ஒட்டும். இதை மாற்றுவது மலிவான வேலை. அதற்கு மேல் பிளாஸ்டிக் கண்ணாடி. வருடங்கள் போகப் போக அது சுருங்கி, ஓரத்தில் இடைவெளி விடும். விரல் நுனியால் மெல்ல அழுத்தித் திருப்பிப் பார்த்தால் நகரும். எல்லாவற்றிலும் செலவு கூடியது கேஸே அரித்திருப்பது. பின்மூடி உட்காரும் விளிம்பில் வியர்வையும் உப்புக்காற்றும் குழி போட்டிருக்கும். புது ரப்பர் வைத்தாலும் அந்தக் குழி வழியே ஈரம் வரும்.

பின்மூடியில் 30 மீட்டர், 100 மீட்டர் என்று என்ன எழுதியிருந்தாலும் அது அன்றைக்குக் கடையில் வைத்து விற்றபோது இருந்த நிலைமை. 1960-களின் ஒமேகா சீமாஸ்டரைத் திஞ்சானுக்குக் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

உள்ளே ஈரம் என்று உறுதியானால்: திருகும் குமிழ் என்றால் அதைத் திருகித் தளர்த்தி, நேரம் திருத்தும் நிலைக்கு இழுத்து விடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் புது சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசியில் போட வேண்டாம். அரிசி ஈரத்தை இழுப்பதைவிடத் தவிட்டுத் தூசியை உள்ளே விடுவதுதான் அதிகம். ஹேர் டிரையரும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். சூட்டில் எண்ணெய் இளகி ஓடும், பழைய டயலின் வார்னிஷ் வெடிக்கும்.

இந்த டப்பா வைத்தியம் நேரம் வாங்குவதற்கு மட்டும்தான். தண்ணீர் சொட்டாகத் தெரிந்தால் அன்றைக்கே ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து மெஷினை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ங்கப்பாலி, சௌந்தா கடலில் நனைந்ததென்றால் மறுநாள் வரைகூடக் காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் பட்ட இரும்புப் பாகம் சில மணி நேரத்திலேயே பழுப்பேறும். முதலில் குமிழின் தண்டு துருப்பிடிக்கும், அப்புறம் அதைச் சுற்றியுள்ள சக்கரங்கள், கடைசியில் ஹேர் ஸ்பிரிங், அதாவது பேலன்ஸ் சக்கரத்தை இப்படி அப்படி ஆட வைத்து நேரம் காக்கும் மெல்லிய சுருள். தண்டு மாற்றுவதற்கு ஆகும் செலவு வேறு, ஹேர் ஸ்பிரிங்கோடு பேலன்ஸ் தேடி அலைவது வேறு.

அறிகுறி: ஓடவே இல்லை

*சாவி கொடுக்கும்போது எதிர்ப்பே இல்லையா?* குமிழ் காற்றில் சுற்றுவது மாதிரி இருந்தால் வாட்ச்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். பழைய நீல எஃகு ஸ்பிரிங்குகளில் இது சகஜம். பிறகு வந்த வெள்ளை உலோகக் கலவை ஸ்பிரிங் எளிதில் அறுவதில்லை. இது பெரிய செலவில்லை, ஆனால் கடையில்தான் செய்ய வேண்டும்.

*இறுகி நிற்கிறதா?* "சாவி அதிகமாகக் கொடுத்துவிட்டேன், அதனால் நின்றுவிட்டது" என்று பயந்துகொண்டு வருவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஸ்பிரிங் முழுதாகச் சுற்றியிருக்கிறது, மெஷினில் எண்ணெய் காய்ந்துபோனதால் சக்கரம் நகரவில்லை, அவ்வளவுதான். குமிழை மேலும் திருகாதீர்கள். வாட்ச்சைத் தட்டையாகப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் ஒரு முறை சுழற்றிப் பாருங்கள். சில நொடி ஓடி நின்றால் சர்வீஸ்தான் வழி. திரும்பத் திரும்ப ஆட்டி ஓட வைக்காதீர்கள். எண்ணெய் இல்லாத அச்சு ஒவ்வொரு ஆட்டத்திலும் தேயும்.

*முட்கள் ஒன்றில் ஒன்று உரசுகிறதா?* லென்ஸால் பக்கவாட்டில் பாருங்கள். நொடி முள் பெரிய முள்ளில் தட்டி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணாடி மாற்றியபோது தாழ்வான கண்ணாடி போட்டுவிட்டாலும் முள் மேலே இடிக்கும். பத்து நிமிட வேலை. இதைக் கவனிக்காமல் முழு சர்வீஸுக்குக் காசு கொடுத்தவர்களும் உண்டு.

அறிகுறி: திடீரென்று வேகமாக ஓடுகிறது

நேற்று வரை ஒழுங்காக ஓடியது, இன்று ஒரு மணி நேரத்துக்கே பல நிமிடம் முந்துகிறது என்றால் முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். ஸ்பீக்கர், கைப்பை, டேப்லெட் உறை, போன் கவர் என்று இன்று எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. காந்தம் ஏறிய ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஸ்பிரிங் குட்டையானது போல ஆகி வாட்ச் ஓட்டம் பிடிக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் வாட்ச்சை மேசையில் வைத்து, பேலன்ஸ் சக்கரம் இருக்கும் பக்கமாகத் திசைகாட்டியை மேலே மெல்ல நகர்த்துங்கள். முள் லேசாகத் திரும்பினால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உள்ளே இரும்பு இருக்கிறதே. வாட்ச்சின் துடிப்போடு சேர்ந்து முள் நடுங்கினால் காந்தம் ஏறியிருக்கிறது.

காந்தம் இறக்கும் சின்னப் பெட்டி மலிவாகவே கிடைக்கிறது. வாட்ச்சை மேலே வைத்து, பொத்தானை அழுத்தியபடி, மெல்ல ஒரு கை நீளம் விலக்கிய பிறகே பொத்தானை விட வேண்டும். ரங்கூன்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கரண்ட் போகும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். விலக்குவதற்குள் மின்சாரம் அறுந்தால் முன்பைவிட அதிகக் காந்தம் ஏறி நிற்கலாம். எனக்கு ஒரு ஒமேகா கான்ஸ்டலேஷனில் இது நடந்தது. ஜெனரேட்டர் வரும் வரை காத்திருந்து மறுபடியும் செய்தேன், சரியானது. அன்று பட்ட பதற்றம் யாருக்கும் வேண்டாம்.

காந்தம் இல்லை என்றால்? கீழே விழுந்ததா என்று கேளுங்கள். அதிர்ச்சியில் ஹேர் ஸ்பிரிங்கின் ஒரு சுற்று தவறான இடத்தில் மாட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டாலும் இதே ஆட்டம்தான், சூட்டில் வைத்த வாட்ச்சில் பார்க்கலாம். இரண்டுமே கைதேர்ந்தவரின் வேலை. "கொஞ்சம் ஸ்லோ பண்ணித் தருகிறேன்" என்று வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை மட்டும் தள்ளிக் கொடுப்பவரிடம் வாட்ச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். காரணத்தைத் தொடாமல் எண்ணிக்கையை மட்டும் மறைக்கிற வேலை அது.

அறிகுறி: நாளுக்கு நாள் பிந்துகிறது

இங்கேதான் நோட்டுப் புத்தகம். முழுச் சாவி கொடுத்து, போன் நேரத்துக்கு வைத்து, டயல் மேல்நோக்க 24 மணி நேரம் விடுங்கள். எத்தனை நொடி என்று குறியுங்கள். மறுநாள் மறுபடி முழுச் சாவி கொடுத்துக் குமிழ் கீழ்நோக்க, செங்குத்தாக வையுங்கள். அதற்கடுத்த நாள் டயல் கீழ்நோக்க. மூன்று நாள் எண்கள் இருந்தால் கடைக்காரரிடம் பேசுவதே வேறு மாதிரி இருக்கும்.

ஐம்பது வருட வாட்ச் நாளுக்கு பத்துப் பதினைந்து நொடி இப்படி அப்படி ஓடினால் சந்தோஷமாகக் கட்டிக்கொள்ளுங்கள். எல்லா நிலையிலும் ஒரே அளவு பிந்தினால் திருத்தம் மட்டும் போதும். படுக்க வைத்தால் சரி, செங்குத்தாக வைத்தால் ஒரு நிமிடம் பிந்துகிறது என்றால் எண்ணெய் காய்ந்திருக்கலாம், இல்லாவிட்டால் பேலன்ஸ் அச்சின் நுனி தேய்ந்திருக்கலாம். காலையில் சரியாக ஓடி, இரவில் தளர்ந்தால் மெயின் ஸ்பிரிங் களைத்திருக்கிறது.

கடையில் டைம்கிராஃபர் (வாட்ச்சின் துடிப்பைக் கேட்டு அளக்கும் கருவி) இருந்தால் வேகத்தை மட்டும் பார்க்காமல் ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் சக்கரம் ஆடும் கோணம், எவ்வளவு என்று கேளுங்கள். முழுச் சாவியில், டயல் மேல்நோக்க, 270 பாகைக்கு மேல் என்றால் ஆரோக்கியம். 220-க்குக் கீழே என்றால் சர்வீஸ் செய்யும் வரை கட்டாதீர்கள். போன் செயலிகள் வேகத்தை ஓரளவு சொல்லும், ஆம்ப்ளிட்யூடில் அவற்றை நான் நம்புவதில்லை.

அறிகுறி: ஆட்டோமேட்டிக், ஆனால் காலையில் நின்றிருக்கிறது

முதலில் கையால் முப்பது நாற்பது சுற்றுச் சாவி கொடுத்து, கழற்றி வைத்துவிடுங்கள். 36 மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மெஷின் நன்றாக இருக்கிறது, தானாகச் சாவி ஏறும் பகுதியில்தான் குறை. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்களா? ஓய்வு பெற்ற பெரியப்பா ஒருவரின் ரோலெக்ஸ் டேட்ஜஸ்டுக்கு இருந்த நோய் அதுதான். தினமும் காலையில் இருபது சுற்றுக் கொடுங்கள் பெரியப்பா என்றேன். அதோடு தீர்ந்தது.

ஆட்டினால் கரகரவென்று உரசும் சத்தம் வந்தால் கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடைக்கட்டியான ரோட்டரின் அச்சு தேய்ந்து, ரோட்டர் பின்மூடியில் படுகிறது. ரோலெக்ஸ் 1570 மெஷினில் இதை அடிக்கடி பார்க்கலாம். பின்மூடியின் உட்பக்கம் அரைவட்டக் கீறல் இருக்கும். உடனே கொடுங்கள். உதிரும் உலோகத் துகள் மெஷினுக்குள் போகும்.

ஆனால் ஆட்டும்போது டக், டக் என்று இருபுறமும் இடித்தால் பயப்படாதீர்கள். 1952-ல் வந்த முதல் கான்ஸ்டலேஷன்களில் இருந்த ஒமேகா 354 போன்ற மெஷின்களில் எடைக்கட்டி முழு வட்டம் சுற்றாது, இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு இடையே இடித்துத் திரும்பும். அந்தச் சத்தம் பிறவியிலேயே உள்ளது. அதைக் கோளாறு என்று நினைத்து வேறு மெஷின் போட்டுக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். இன்றும் நினைத்தால் மனசு கேட்பதில்லை.

அறிகுறி: தேதி மாறவில்லை, அல்லது மத்தியானம் மாறுகிறது

மத்தியானம் மாறினால் முட்களைப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால் சுற்றுங்கள். வேலை முடிந்தது. நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்பின்னாக மாறுவது பழைய வாட்ச்சுகளில் கோளாறே அல்ல.

பாதியில் நிற்கிறது என்றால் தேதித் தட்டின் அடியில் கிரீஸ் இறுகியிருக்கும், அல்லது ஒரு சின்ன ஸ்பிரிங் ஒடிந்திருக்கும். இரவு 9 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் வேகத் திருத்தத்தை (முட்களைச் சுற்றாமல் தேதியை மட்டும் மாற்றும் வசதி) பயன்படுத்தினால் தேதியை நகர்த்தும் பற்கள்தான் முதலில் போகும். பல பழைய மாடல்களில் வேகத் திருத்தமே கிடையாது. ஒமேகா 561-ல் நள்ளிரவைத் தாண்டிவிட்டு, 9 மணி வாக்கில் பின்னால் கொண்டுவந்து, மறுபடி முன்னால் சுற்றினால் அடுத்த தேதி விழும்.

அறிகுறி: சாவிக் குமிழ் கையோடு வருகிறது

தண்டைப் பிடிக்கும் ஒரு திருகு தளர்ந்தால் குமிழ் தண்டோடு வெளியே வந்துவிடும். ஓட்டையை டேப் போட்டு மூடி, குமிழைத் தனியாகக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோங்கள். உள்ளே சொருகிக் கட்டிக்கொண்டு திரியாதீர்கள்.

திருகும் குமிழ் பிடிக்கவில்லையென்றால் முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். மரை பொருந்தும் இடத்தில் மெல்ல ஒரு அமுக்கு விழுவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருகுங்கள். அப்போதும் வழுக்கினால் கேஸில் உள்ள குழாயின் மரை தேய்ந்திருக்கிறது. குழாய் மாற்றலாம். மாற்றும்போது பழைய குமிழைக் கேட்டு வாங்குங்கள், அந்தக் காலத்துச் சின்னம் உள்ள குமிழ் தனியாகவே விலைபோகும்.

அறிகுறி: குரோனோகிராஃப் முள் 12-க்குத் திரும்பவில்லை

பத்து முறை ஓட்டி, நிறுத்தி, ரீசெட் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தவறினால் முள் பொருத்தியதில் பிசகு, எளிது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் முள் தளர்ந்திருக்கிறது, அல்லது அதைத் திருப்பும் சுத்தியல் தேய்ந்திருக்கிறது. பொத்தான் இறுக்கமாக இருந்தால் அழுத்தவே அழுத்தாதீர்கள். ஓடும்போது ரீசெட்டை அமுக்காதீர்கள்.

ஒமேகா 321, வால்ஜூ 72 போன்ற மெஷின்கள் என்றால் அக்கம்பக்கத்துக் கடைக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள். பாகங்கள் கிடைப்பது கடினம், ஒரு லீவர் வளைந்தால் அதன் விலை சாதாரண வாட்ச் விலையைத் தாண்டும். சிங்கப்பூர், பாங்காக் போகிற உறவினர் இருந்தால் சரியான கையில் கொடுத்தனுப்புங்கள். அதுவரை குரோனோவைத் தொடாமல் நேரம் மட்டும் பாருங்கள்.

அறிகுறி: டயலில் புள்ளி, முள்ளிலிருந்து பொடி உதிர்கிறது

புள்ளியை விட்டுவிடுங்கள். டயலை யாரும் துடைக்கவும் வேண்டாம், புதிதாக அச்சடிக்கவும் வேண்டாம். பளபளவென்று புது டயல் போட்ட வாட்ச்சைவிட, மழை தின்ற புள்ளிகளோடு இருக்கும் அசல் டயல் எவ்வளவோ மேல்.

பொடி விஷயம் வேறு. 1960-களின் ஆரம்பம் வரை இருட்டில் ஒளிர ரேடியம் பூசினார்கள். ஒளிர்வு செத்துவிட்டாலும் ரேடியத்தின் அரையாயுள் 1600 வருடம், கதிரியக்கம் அப்படியே இருக்கிறது. பிறகு வந்தது டிரிட்டியம், அதன் அரையாயுள் பன்னிரண்டு வருடம்தான். டயலின் அடியில் ஸ்விஸ் என்ற சொல்லோடு ஆங்கில T எழுத்து இருந்தால் பெரும்பாலும் டிரிட்டியம். அந்த எழுத்து இல்லாத, 1950-களின் டயலில் பொடி உதிர்ந்தால் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், ஊதாதீர்கள், சுரண்டாதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, ரேடியம் என்று எழுதி, தெரிந்தவரிடம் கொடுங்கள். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கடையில் கொடுக்கும்போது

பல வருடங்களுக்கு முன் என் மாமாவின் 1950-களின் வாட்ச் ஒன்றைச் சர்வீஸுக்குக் கொடுத்தேன். "சும்மா சர்வீஸ் பண்ணுங்க அண்ணே" என்று மட்டும் சொன்னேன். திரும்பி வந்தபோது கேஸ் பாலிஷ் போட்டு, விளிம்புகளெல்லாம் மழுங்கி, முட்கள் புதிதாக இருந்தன. அவர் நல்ல மனசோடு அழகாக்கித் தந்திருக்கிறார். பழைய முட்களைக் கேட்டேன், குப்பையில் போட்டாயிற்று என்றார். தப்பு, என்ன வேண்டாம் என்று சொல்லாமல் கொடுத்த என்னுடையதுதான்.

அதன் பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாட்ச்சோடு சேர்த்தே கொடுக்கிறேன்: பாலிஷ் வேண்டாம். டயலையும் முட்களையும் தொட வேண்டாம். எந்தப் பாகத்தை மாற்றினாலும் முதலில் போன் செய்யவும். மாற்றிய பழைய பாகத்தைப் பொட்டலமாகத் தரவும். கொடுக்கும் முன் டயல், பின்மூடி, சீரியல் எண் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். காகிதத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் கடையிலிருந்து வாட்ச்சை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். "இந்தப் பாகம் என்னிடம் இல்லை தம்பி, இதை நான் திறக்க மாட்டேன்" என்று சொன்ன ஒரு பெரியவர் அனோரத்தா சாலைப் பக்கம் இருக்கிறார். என் மற்ற வாட்ச்சுகளையெல்லாம் இப்போது அவரிடம்தான் கொடுக்கிறேன்.